சுமையோடு நின்ற லாரி

போன வாரம் மலைமேலிருக்கும் சோளக்காடு என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலை தாண்டுவதற்குள் பிரேக் லைனிங் சூடேறிய தீய்ந்த நாற்றம் ஜன்னல் வழியாக ஏறியது. பக்கத்திலிருந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு. மல்லிகைப்பூ வாசத்தில் பெண்டாட்டி ஞாபகம் வருகிறவர்கள் இருப்பார்கள். எனக்கு என் பழனியம்மாள் ஞாபகம் வருவது இந்த நாற்றத்தில்தான். அடப்பாவி என்கிறீர்களா? முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அது யுத்த காலம். மலைக்கு ரோடே கிடையாது. மேலே பெரக்கரை நாடு என்கிற மலைப்பகுதிக்காரர்கள் மிளகையும் பலாவையும் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்குவார்கள். எங்கள் வீடு அங்கேதான். அங்கிருந்து சேந்தமங்கலம் சந்தைக்கு அவர்களையும் மூட்டைகளையும் ஏற்றிப்போவது என் லாரி. மூன்று பேர் ஓட்டி ஓய்ந்துபோனதை நாலாவதாக நான் வாங்கியிருந்தேன். அதை ஓட்டியதற்கே என்னைப் பெரிய கொம்பன் என்று நினைத்துக்கொண்டிருந்த வயசு.

வழியில் ஓர் ஓடைச் சரிவு உண்டு. அங்கே வண்டி நிற்காமல் நழுவினால் சடையண்ணன் மேலிருந்து குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். மலைக்காரர்களில் என்னிடம் உரிமையோடு பேசுகிறவர் அவர். ஒரு சந்தை நாளில் பிரேக் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் போட்ட கட்டையில் வண்டி நின்றது. கட்டையோடு அவருடைய கால்விரல்கள் இரண்டு நசுங்கிப்போயின.

"வண்டி நின்னுச்சில்ல தம்பி, அது போதும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த சந்தைக்கு அத்தனை பேரும் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு என் லாரியைத் தாண்டி நடந்தே போனார்கள். சடையண்ணனும் நொண்டிக்கொண்டு போனார். யாரும் முகத்தைத் திருப்பவில்லை, சிரித்துக்கொண்டேதான் போனார்கள். அவர்கள் நியாயம் அப்படி. தங்களில் ஒருவர் ரத்தம் சிந்திய வண்டியில் அவரே மறுபடி ஏறினால்தான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். அவர் ஏறாவிட்டால் என் பிழைப்பு அதோடு சரி. பிழைப்பைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அறுத்தது.

வாசலிலேயே லாரியைப் பிரித்துப்போட்டேன். சுமை ஏறினால் பின்பக்கம் தொங்கி டயர் உரசும். சேலத்தில் உடைத்துப்போட்ட லாரி ஒன்றிலிருந்து, பாரம் தாங்கும் வில் பட்டைகள் வாங்கிவந்து பக்கத்துக்கு இரண்டாகச் சேர்த்துக் கட்டினேன். பிரேக்குக்குப் புது லைனிங் வைத்தேன். அந்தக் காலத்துப் பிரேக் கம்பியால் இழுப்பது. நான் அடியில் படுத்துக் கம்பியை முறுக்க, பழனியம்மாள் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பாள்.

"மிதி! நல்லா மிதி!"

"மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். அடுப்புல கொழம்பு தீயுது!"

ஐந்து நாள் எங்கள் வீட்டுச் சோற்றில் கிரீஸ் வாசம். ஆறாம் நாள் காலி வண்டியைச் சரிவில் விட்டு மிதித்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றது. மீசையை முறுக்காத குறை.

சந்தை நாளன்று சடையண்ணனை மறித்துப் பெருமையடித்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"காலியா நின்னுச்சு, சரி. எங்க சொமையோட நிக்குமா தம்பி?"

வேகமாகத் தலையாட்டினேன். மூட்டைகளையும் பலாவையும் ஏற்றச் சொன்னார். பழனியம்மாள் பெடலை மிதித்தாள்.

"ஏனுங்க, காலு அடிப்பலகையத் தொடுதுங்க!"

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பாரத்தில் வில் அமுங்க, கம்பி தொய்ந்துவிட்டது. சுமைக்காக ஓடுகிற வண்டிக்குக் காலியாக வைத்துப் பிரேக் கம்பி முறுக்கிய மகா புத்திசாலி நான். அத்தனை பேர் முன்னாலும் வேட்டியை மடித்துக் கட்டி மறுபடி அடியில் படுத்தேன். முறுக்கி முடித்து வெளியே வந்து, "இப்ப ஏறுங்கண்ணா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பழனியம்மாளைப் பார்த்தார். "அம்மிணி ஏறுனா நானும் ஏறறேன்."

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே சடையண்ணன் ஏறினார், பிறகு எல்லோரும். ஆள் பாரத்துக்கு நான் இன்னும் இரண்டு சுற்று முறுக்க வேண்டியிருந்தது. "ஏனுங்க, வண்டி எப்பங்க கெளம்பும்?" என்று ஒரு கிழவர் மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

சரிவு வந்தது. பாதிச் சரிவில் மிதித்தேன். சூடேறிய லைனிங்கின் தீய்ந்த நாற்றம் குப்பென்று ஏறியது. வண்டி ஒருமுறை குலுங்கியது. நின்றது.

"நின்னுருச்சு" என்றார் சடையண்ணன். அவ்வளவுதான். வெற்றிலைப் பையைப் பிரித்துவிட்டார்.

சந்தையில் எல்லோரும் இறங்கியபின், "பயந்துட்டியா கண்ணு?" என்று அவளைக் கேட்டேன்.

"பிரேக்குக்கு எதுக்குங்க பயப்படறேன்? ரோட்டப் பாக்காம பின்னாடி கண்ணாடி வழியா என்னையே திரும்பித் திரும்பிப் பாத்துட்டு ஓட்டுனீங்களே, அதுக்குத்தான் பயந்தேன்" என்றாள்.

பிறகு மலைக்கு ரோடு வந்தது. பெரக்கரை நாட்டு மிளகு இப்போது தோட்டத்து ஓரத்திலேயே லாரி ஏறுகிறது. ரோடு வருவதற்கு முன்பே சடையண்ணன் போய்விட்டார். அந்த லாரியைக் காயலான் கடைக்காரன் துண்டுதுண்டாக வெட்டி எடுத்துப்போனான். பழனியம்மாள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் எந்த வண்டியில் போனாலும் நேராக முன்னால் பார்த்தே உட்கார்ந்திருக்கிறேன்.