காலியாகக் கிடந்த அலைவரிசை

புதுச்சத்திரத்துக்கு உள்ளடங்கி, கரடு என்கிற சிறு குன்றின் அடியில் இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் தலைமையாசிரியை. செல்போன் கோபுரத்துக்கும் எங்களுக்கும் நடுவே கரடு நிற்பதால் பள்ளியில் சிக்னல் கிடையாது. வருகைப் பதிவையோ காலையிலேயே செயலியில் ஏற்றியாக வேண்டும். தினமும் ஸ்கூட்டியில் கிளம்பி, மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை கேட்டருகே நின்று ஏற்றிவிட்டு வருவேன்.

ஒருநாள் சேலத்திலிருந்து பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்தார். டி.வி. ஒளிபரப்புக்கென ஒதுக்கப்பட்டும் இந்தப் பக்கம் யாருமே பயன்படுத்தாத அலைவரிசைகள் இருக்கின்றன, மேடு, மரங்களைத் தாண்டியும் அவை ஓரளவு வரும் என்றார். ஆறு மாதச் சோதனை அனுமதியோடு பள்ளிக் கூரையில் ஆன்டெனா மாட்டினார். நெட் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திமிங்கலம் நீந்துவதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் மத்திய அரசு அனுமதியை நீட்டிக்கவில்லை. கேட்டால், அந்த அலைவரிசைகளை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்ற கொள்கை இன்னும் முடிவாகவில்லையாம்.

அதுபற்றிச் சேலத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. லீவு போட்டுப் போனேன். செல்போன் கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, "லைசென்ஸ் இல்லாம ஆளாளுக்குப் பயன்படுத்தினா ஒண்ணுக்கொண்ணு குறுக்கிடும். ஏலம் விடுறதுதான் முறை" என்றார். எந்த ஊரில் எது காலி என்று பட்டியலைப் பார்த்துத்தான் கருவியே இயங்கும், குறுக்கிடாது என்றார் பேராசிரியர். ஒரு மணி நேரம் இருவரும் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"ஏனுங்க சார், ஏலத்துல எடுத்தா எங்கூருக்குக் கோபுரம் வெப்பீங்களா?"

"அங்க ஆள் கம்மி மேடம். கட்டுப்படியாகாது."

"நீங்களும் வர மாட்டீங்க, வாரவங்களையும் உட மாட்டீங்க. சும்மா கெடந்து யாருக்குங்க ஆகப்போகுது?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. கூட்டத்தை நடத்திய அதிகாரி, "உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பேராசிரியரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "வரைமுறை வேணும்கறது நியாயந்தாங்க டீச்சர். அதைப் போடுங்கன்னுதானே நாமளும் கேக்கறோம்."

அடுத்த வாரம் அவரே வந்து ஆன்டெனாவைக் கழற்றினார். நான் பழையபடி கோழிப்பண்ணை கேட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. அந்த மாதமே, வருகைப் பதிவு தாமதமானதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. விளக்கத்தோடு, பெற்றோர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு மனுவும் டெல்லிக்கு அனுப்பினேன். பதில் இல்லை. இப்போது இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.