படத்தில் விழாத நோய்

கோலார் தங்கவயலில், எங்கள் சாம்பியன் ரீப்ஸில் படத்தில் விழாத நோய் நோயே அல்ல. சுரங்கம் ஓடிய காலத்தில் வந்த பழக்கம் அது. நெஞ்சு எக்ஸ்ரேயில் கல்தூசி தெரிந்தால் அவன் நோயாளி. தெரியாவிட்டால், எவ்வளவு இருமினாலும் ‘ஃபிட்’. ஷிஃப்டுக்குப் பயந்து நடிக்கிறான் என்று லைன் வீட்டு ஜனங்களே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சுரங்கத்தை மூடினார்கள், இந்தத் தீர்ப்பை யாரும் மூடவில்லை. என் அப்பாவின் படத்தில் தூசி தெரிந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார், கல்யாண ஆல்பம் காட்டுவதைப் போல.

நான் பெங்களூர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். குளிக்கக்கூடத் தெம்பில்லை.

“இன்னா ஆச்சு உனக்கு? எங்க வலிக்குது, காட்டு” என்பார் அப்பா. காட்ட இடம் இல்லை.

நான் போய்ப் பார்த்த மனநல டாக்டர், ஓர் ஆராய்ச்சிக்காக மூளையை ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டபோது உடனே தலையாட்டினேன். ஒரு படம் இருந்தால் அப்பா நம்பிவிடுவார் என்ற நப்பாசை. அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

தூங்காமல், எதுவும் செய்யாமல், சும்மா படுத்திருக்கச் சொன்னார்கள். சும்மாவாம்! அந்தக் குழாய்க்குள் உடம்புதான் சும்மா கிடந்தது. நீ எதற்கும் லாயக்கில்லை என்று தலை அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஓய்விலும் மூளை இயங்கும். மனச்சோர்வு உள்ளவர்களில், தன்னைப் பற்றியே நினைக்கும் பகுதிகளின் இயக்கம் மாறியிருக்கக் கூடும். ஆனால் அது பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிவது. ஒருவர் படத்தை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். “படத்துல கறை ஏதாச்சும் கீதுங்களா சார்?”

“இல்லை. ஆனால்...”

அந்த ‘ஆனால்’ முடிவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் உரக்கச் சொன்னார்: “எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்லிங்க. டாக்டரே சொல்ட்டாரு. வேலைக்கு டிமிக்கி குடுத்துக்கினு கீறா.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஜன்னலோரத்து ஆள் எழுந்து இடம் கொடுத்தார். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இன்னொருவர் முதுகை நீவிவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அந்த நுரையீரலை எனக்குக் கொடுத்துவிட்டு என் தலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.