வெள்ளிக்கிழமை என்று நான் சொல்லவில்லை

எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. யார் உயரத்துக்கு வெட்டினார்களோ தெரியாது, அதன் வழியாகப் பேச முதுகை வளைத்துத் தலையைச் சாய்க்க வேண்டும். என் அறைத்தோழன் எத்தியோப்பியாவிலிருந்து எம்.சி.ஏ. படிக்க வந்தவன், ஆறடிக்கு மேல். அவன் குனிந்தால் குழாய் ரிப்பேர் பார்க்க வந்த ஆள் மாதிரி இருக்கும். அதனால் நான்தான் குனிவேன். அவன் பின்னால் நின்று, நான் நிமிர்ந்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பான். இன்று யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'புராஜெக்ட் கோஆர்டினேட்டர்' என்கிறேன். உண்மையில் அன்று சும்மா செய்ததை இன்று சம்பளத்துக்குச் செய்கிறேன், அவ்வளவுதான்.

நான் செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் வளர்ந்தவன். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. வீட்டில் அரக்கோணத் தமிழ், தெருவில் தெலுங்கு, பஸ்ஸில் ஹைதராபாத் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். இது எங்கள் ஏரியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் அதற்கு ஒரு மார்க்கெட் இருக்கிறது என்று புரிந்தது. எங்கள் மாடியில் மட்டும் மணிப்பூர், பீகார், கேரளா, நேபாளம், எத்தியோப்பியா. ஒவ்வொருவனுக்கும் யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டியிருந்தது. எவன் கதவைத் தட்டினாலும் "மாமா, நீ வந்து சொன்னா வேலை ஆயிடும்" என்பான். நானும் தலைமுடியைச் சரி செய்துகொண்டு கிளம்பிவிடுவேன். அந்த வயதில் அதைவிடப் பெரிய போதை வேறெதுவும் எனக்குத் தெரியாது.

முதல் வருடம் ஈஸ்டருக்கு முன்னால் அறைத்தோழன் விரதம் தொடங்கினான். அவர்கள் சபையில் அது ஐம்பத்தைந்து நாள். கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய் எதுவும் கூடாது. இதை மெஸ் சமையல்காரரிடம் நான் தெலுங்கில் விளக்கினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "போன வாரம் வரைக்கும் சிக்கனுக்கு ரெண்டு தடவ வரிசையில நின்ன ஆளு. இப்ப மோர் கூட வேணாமா? மண்டை கிண்டை குழம்பிடுச்சா அன்னா இவருக்கு?" என்றார். என்ன சொல்கிறார் என்று இவன் ஆங்கிலத்தில் கேட்டான். "உன் பக்தியைப் பார்த்து அசந்து போயிட்டாராம்" என்றேன். அவன் நெஞ்சில் கையை வைத்துச் சமையல்காரருக்குத் தலை குனிந்தான். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து நெய் தாளிக்காத பருப்பு ஒரு கிண்ணம் அவனுக்கென்று தனியாக வந்தது.

அன்று நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன், தப்பான பாடம். நடுவில் நிற்பவன் சொல்லை அப்படியே கடத்தத் தேவையில்லை, முள்ளை எடுத்துவிட்டுக் கொடுத்தால் இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு வார்டன் திட்டியது 'கவலைப்படுகிறார்' ஆனது. ஆட்டோக்காரர் ஏசியது 'சில்லறை இல்லையாம்' ஆனது. மூன்று வருடத்தில் எங்கள் மாடியில் பெரிய சண்டை ஒன்றுகூட வரவில்லை. அதற்கு நானே காரணம் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடைசி செமஸ்டரில், ஒரு திங்கட்கிழமை காலை. அவனுடைய அம்மாவுக்கு ஆபரேஷன் என்று முந்தைய நாள்தான் ஊரிலிருந்து போன் வந்திருந்தது. அவன் எதுவும் சாப்பிடவில்லை. தேர்வுப் பிரிவில் கூப்பிட்டார்கள் என்று இரண்டு பேரும் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மேடம் செகந்திராபாத் ரயில்வே காலனித் தமிழர், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார், ஆனால் 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று ஹைதராபாத் ஹிந்தியும் கலந்து வரும். "கைக்கு தம்பி இவன் இப்படி இருக்கான்? எம்பஸியிலருந்து ஸ்காலர்ஷிப் லெட்டர் இன்னும் வரல. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட்ட மூடிடுவேன். லெட்டர் இல்லன்னா பேரு இருக்காது, பரீட்சை எழுத முடியாது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்க நக்கோ. நல்லா புரியற மாதிரி சொல்லு" என்றார்.

நிமிர்ந்து திரும்பினேன். அவன் கண் சிவந்திருந்தது. "என்ன சொல்றாங்க?" என்றான். "லெட்டர் சீக்கிரம் வந்தா நல்லதாம். டென்ஷன் ஆக வேண்டாமாம்" என்றேன். அவன் கண்ணாடியைப் பார்த்து நன்றி சொன்னான். மேடம் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையாட்டினார்.

புதன்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். புதன்கிழமை அவன் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை எனக்கு ஒரு இன்டர்வியூ. வெள்ளிக்கிழமை, நம்புவீர்களோ இல்லையோ, மறந்தே போய்விட்டது.

கடிதம் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான், நான் ஓடி எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. மேடம் கவரை வாங்கவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் நேராக அவனிடமே சொன்னார்: "ஃபிரைடே லாஸ்ட். ஐ டோல்ட். யுவர் ஃபிரண்ட் டோல்ட்." அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஏதோ கன்ஃப்யூஷன் போல" என்றேன்.

பதிவாளர் வரைக்கும் போய்ப் பார்த்தோம். பட்டியல் மூடினால் மூடியதுதான். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து, அவன் நாட்டு அரசாங்கம் கூடுதலாக ஒரு நாளுக்குக்கூட உதவித்தொகை தராது. மூன்று வருடம் படித்தவன் டிகிரி இல்லாமல் பெட்டி கட்டினான். அறையில் வைத்து எல்லாவற்றையும் அவனிடம் ஒப்புக்கொண்டேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டைகளை மடித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசினான். "திங்கட்கிழமை நைட்டே டெல்லி ரயில் ஏறியிருப்பேன். எம்பஸி வாசல்ல உக்காந்து வாங்கிட்டு வெள்ளிக்கிழமை காலைல வந்திருப்பேன். எனக்கு வலிக்கக் கூடாதுன்னு நீ நினைச்ச. வலிச்சிருந்தா ஓடியிருப்பேன்ல?" என்றான். பிறகு, அந்த மெஸ் சமையல்காரர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டான். சொன்னேன். சிரிக்கவில்லை. "அதையும் நான் தாங்கியிருப்பேன்" என்றான்.

அடுத்த மாதம் வேறொரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. இன்டர்வியூவில், பல ஊர் ஆட்களோடு பழகிய அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். விரதக் கதையைச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்து, உங்களை மாதிரி ஆள்தான் வேண்டும் என்றார்கள். கண்ணாடிக் கவுண்டர் கதையை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாதாப்பூர் ஐ.டி. கம்பெனியில் ஐந்து வருடம் ஓடிவிட்டது. அமெரிக்காவில் ஒருவர் 'குப்பை' என்று சொல்வதை இங்கே 'சின்னச் சின்ன மாற்றங்கள்' என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இங்கிருப்பவர்கள் 'முடியவே முடியாது' என்பதை அங்கே 'முயற்சி செய்கிறோம்' என்பேன். வருடா வருடம் நல்ல ரேட்டிங் கொடுக்கிறார்கள். சமயத்தில் போன் காலை முடித்து ஹெட்செட்டைக் கழற்றும்போது, காலையிலிருந்து யாரிடமும் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசவில்லை என்று தோன்றும். வீட்டுக்குப் போனாலும் வாய் திறக்க முடிவதில்லை. "அவ்ளோ பேருகிட்ட பேசுற, எங்ககிட்ட பேசத்தான் உனக்கு வாய் வலிக்குது" என்கிறார் அப்பா.

போன மாதம் எங்கள் டெஸ்டிங் டீமில் இருக்கும் மதுரைப் பெண்ணைப் பற்றி கிளையன்ட் பேசினார். போவன்பள்ளியில் வீடு எடுத்து, அம்மாவையும் கூட்டி வந்து வைத்திருக்கிறாள். அவளுடைய ரிப்போர்ட்டில் தொடர்ந்து தப்பு வருகிறது, மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் அவள் டீமில் இருக்கக் கூடாது என்றார். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் கம்பெனியில் அதற்கடுத்தது வாசல்தான். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்போதைக்கு அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, பயந்துடுவா. கொஞ்சம் கவனமா செய்யச் சொல்லுங்க, போதும். உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே" என்றார்.

கேன்டீன் ஓரத்தில் அவளை உட்காரவைத்து, கிளையன்ட் சொன்னதை அப்படியே சொன்னேன். எந்த வார்த்தையையும் மாற்றவில்லை. அவள் முகம் கறுத்தது.

"என்னண்ணே இப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றீக?" என்றாள். "உங்களைப் பத்தி வேற மாதிரில்ல சொன்னாய்ங்க, எல்லாத்தையும் பக்குவமா சொல்லுவீகன்னு."

சமாதானமாக ஏதாவது சொல்லத்தான் வாய் பழகியிருந்தது, அதை அடக்குவது கஷ்டமாக இருந்தது. அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை நாள் இருக்குண்ணே?" என்றாள்.

"பதினொண்ணு. இன்னைக்கும் சேத்து."

"எந்த ரிப்போர்ட்டுன்னு சொன்னாகளா?"

சொல்லியிருந்தார்கள். மூன்று பெயர்களையும் சொன்னேன். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே எழுந்து, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனாள்.