எகிப்தில் என் பெயரில் ஒரு கபுறு

சிலாபத்தில் கொப்பரா நிறுத்துக்கொண்டிருந்தபோது, சூசைப்பிள்ளை அண்ணன் காலமாகிவிட்டார் என்று வண்டிக்காரர் வந்து சொன்னார். தராசை அப்படியே விட்டுவிட்டுக் கற்பிட்டிக்குப் புறப்பட்டேன். அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன், அந்த மட்டில் ஆறுதல்.

பட்டாளத்தில் கிளாக்கராக இருந்து, உலகச் சண்டை முடிந்து ஒரு காலை இழுத்துக்கொண்டு ஊர் வந்தவர். மகனைக் காணாத வீடுகளுக்கெல்லாம் கொழும்பிலுள்ள பட்டாளக் கந்தோருக்கு மனு எழுதிக் கொடுத்தார் என்பது ஊருக்கே தெரியும். யாராவது கருவாடு கொண்டுபோனால் திட்டுவார். தேத்தண்ணி கொடுத்தால் மட்டும் மறுக்கமாட்டார்.

என் தம்பி றஹீமும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவன். இறந்தோர் தொகை பத்திரிகையில் வந்தபோது அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். சீறி விழுந்தார். "தொகையை வச்சு உம்மாட்ட என்னடா சொல்லுவாய்? பேரைத் தேடு." உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாவை வைத்துவிடலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். "என்ட புள்ள எங்கயோ உசிரோட ஈக்கிறான்" என்று உம்மா விடவில்லை. அவனுக்கென்று தினமும் சோறு எடுத்து மூடி வைத்தார்.

அப்படியொருவர் பட்டாளத்தில் சேரவேயில்லை என்று கந்தோரிலிருந்து பதில் வந்தது. உம்மாவின் முகம் மலர்ந்தது. அண்ணன் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "காசிம், உன்ட பிறப்புப் பத்திரம் எங்க?"

அலுமாரியைக் குடைந்தேன், இல்லை. எங்கள் வீடுகளில் மூத்த பிள்ளையின் பிறப்பைப் பதிவதோடு சரி. பின்னால் பிறந்தவர்களும் அதையே காட்டிக் காரியம் பார்ப்பார்கள். தம்பியும் என் பத்திரத்தைக் காட்டி, என் பெயரிலேயே பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறான். அண்ணன் என் பெயரைப் போட்டு மறுபடி எழுதினார். எகிப்தில் காய்ச்சல் கண்டு நான் இறந்துவிட்டேன் என்றும், அங்கேயே கபுறு வெட்டி அடக்கம் செய்யப்பட்டேன் என்றும் பதில் வந்தது.

உம்மாவிடம் அண்ணன்தான் நீட்டிய காலோடு தரையில் உட்கார்ந்து சொன்னார். "உம்மா, றஹீம் இல்ல. தனியாக் கிடந்து போகல்ல. ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்திருக்காங்க."

உம்மா அழுது ஓய்ந்து, "அவன்ட பேரைச் சொல்லித் தொழுங்க" என்றார். நாங்கள் தொழுது முடிக்கும்வரை அண்ணன் பள்ளிவாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார்.

பிறகு என்னைக் காணும்போதெல்லாம், "என்ன மவுத்தானவரே, தேத்தண்ணி குடிப்பமா?" என்பார். இறந்துபோனவரே என்கிற அந்தக் கேலி அதோடு முடிந்துவிடும். எகிப்திலுள்ள கபுறில் றஹீம் என்று பெயரைத் திருத்தச் சொல்லி விடாமல் எழுதிக்கொண்டேயிருந்தார். "ஒருத்தன்ட பேர்ல இன்னொருத்தன் மண்ணுக்குள்ள கிடக்கக் கூடாது" என்பார். கடைசிவரை பதில் வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் அவருடைய சிலுவைக்குக் கிட்டப் போனேன். 'கிளாக்கர்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஊரே அப்படித்தானே கூப்பிட்டது. கரையில் வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர்களிடம் கொஞ்சம் வாங்கிவந்து, சூசைப்பிள்ளை என்று முழுதாக எழுதினேன். றஹீமின் பெயருக்கான அடுத்த மனுவை இனி நான் எழுதுவேன். அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த வேலைதான்.