உப்புநீர்த் தொட்டி வைத்திருந்தவர்

சின்னமனூரில் நான் குடியிருந்த வீட்டின் மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் கசங்காத வெள்ளைச் சட்டைக்காரர். கூடத்தில் கடல்மீன்களுக்கென்று பெரிய உப்புநீர்த் தொட்டி வைத்திருந்தார். யார் பேசினாலும் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேதான் கேட்பார். காற்று மோட்டார், விளக்கு எல்லாவற்றுக்கும் தொட்டிக்கு அடியில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டி. வயர் வழியாக நீர் சொட்டிச் சொட்டி அதன் ஓட்டைகளில் உப்புப் பூத்திருந்தது.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது அவர் மனைவி, "பெட்டியில தீஞ்ச வாடை வருதுங்க. வயர்மேன வரச் சொல்லுங்க," என்றார்.

"ஒம் மூக்குக்கு எல்லாமே தீஞ்ச வாடைதேன். மீனு மெரளும், அங்கன எவனும் கைவைக்கக் கூடாது," என்றார் அவர், திரும்பாமலே.

அந்த வாரமே ஒரு மதியம் பெட்டி எரிந்து திரைச்சீலையில் தீப்பற்றியது. தீ, தீயென்ற அலறல் கேட்டு, கீழே இருந்த மெயினை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அதற்குள் அந்த அம்மா எரியும் திரைச்சீலையை வெறுங்கையால் பிடுங்கிப் போட்டு மிதித்திருந்தார். இரு கைகளிலும் தோல் வழன்றுவிட்டது.

வெளியே போயிருந்த வீட்டுக்காரர், போன் செய்தும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கட்டுப் போட்டு அந்த அம்மாவைச் சாயங்காலம் அழைத்து வந்தபோது அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். மீன்கள் செத்து மிதந்தன.

"மெயின எதுக்கு சார் அமத்துனீக? காத்தில்லாம செத்துப்போச்சுகளே!"

"அவுகளுக்குக் கை ரெண்டும் வெந்துபோச்சுங்க," என்றேன்.

"தோலு வளந்துரும் சார். இதுக வருமா?"

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார். கட்டுப் போட்ட கைகளைத் தூக்கிப் பிடித்தபடி அந்த அம்மா வாசலிலேயே நின்றார். அவர் அழுதது நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.