நான் வாசித்துச் சொன்ன கடிதம்

எங்கள் வீட்டில் கடிதம் வாசிப்பது என் வேலை. ஏழு வயதில் கிடைத்த உத்தியோகம் அது. அப்பா ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை செய்தார். அவருக்குத் தெரிந்த ஜேர்மன் வெங்காயம், வாளி, கெதியாய், முடிந்தது என்ற அளவோடு நின்றுவிட்டது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. தபால்பெட்டியில் எது விழுந்தாலும் அம்மா கையைத் துடைத்துவிட்டு எடுத்து, சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, நான் பள்ளிக்கூடத்தால் வரும்வரை காத்திருப்பார். கோழி இறைச்சி மலிவு என்று ஒரு கடை போட்ட விளம்பரத்தாள்கூட ஒரு நாள் முழுக்கப் பிள்ளையாருக்கு முன்னால் இருந்தது.

இன்றைக்குச் சொல்லிச் சிரிக்கலாம். அன்றைக்கு எங்கள் விசாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டிருந்தார்கள். நீட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஜேர்மன் எழுத்தில் வருவதெல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே அம்மா நம்பினார். பள்ளிக்கூடமும் மின்சாரக் கொம்பனியும் விசாக் கந்தோரும் அவருக்கு ஒரே மேசைதான். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திருத்தவில்லை, ஏனென்றால் நான் வாசிக்கும்போது இரண்டு பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் இருந்தது ஜேர்மனியில், எர்லாங்கன் நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்துக்குப் பதினைந்து நிமிட நடை. அங்கே இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளையைத் தாய் கூட்டிக்கொண்டு போவதில்லை. பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தாங்களே நடப்பார்கள், வழியில் பனியை உருட்டுவார்கள், சண்டை பிடிப்பார்கள், நேரத்துக்கு வந்துசேர்வார்கள். ஆசிரியர்களும் அதைத்தான் விரும்பினார்கள். எங்கள் அம்மாவிடம் இந்த நியாயமெல்லாம் எடுபடவில்லை. நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவர் என்னோடு வந்தார்.

வருவதோடு விட்டாரா? என் புத்தகப்பையையும் அவர்தான் சுமந்தார். ஜேர்மன் பிள்ளைகளின் புத்தகப்பை பெட்டி போன்றது, முதுகில் இரண்டு பட்டியும் போட்டுக் கொழுவ வேண்டும். அம்மா அதைத் தன் முதுகில் கொழுவிக்கொள்வார். நீலத்தில் இரண்டு குதிரைகள் பாயும் பை. அதன் கீழே அப்பாவின் பழைய பச்சை ஜக்கெற், அதற்குக் கீழே பூப்போட்ட வீட்டுச் சட்டை, சட்டைக்குக் கீழே காற்சட்டை, முன்னுக்குப் பஞ்சு அடைத்த அப்பாவின் சப்பாத்து. தலையில் காது மூடக் கம்பளிச் சால்வை. பக்கத்தில் நான் கையை வீசிக்கொண்டு நடப்பேன். மூன்றாம் வகுப்புக்குப் போவது யார் என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வந்தால் அது அவர்களின் பிழை இல்லை.

அம்மாவுக்கோ அந்த நடை ஒரு நாளின் முக்கியமான காரியம். அந்தப் பக்கத்து மக்கள் "குரூஸ் கொட்" என்று கடவுள் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொல்வார்கள். அது அம்மாவுக்கு நன்றாகப் பிடித்துப்போனது. காலமை வெள்ளன வீட்டு வாசலில் பனி வழிக்கும் ஒருவரையும் விடமாட்டார். "குரூஸ் கொட்!" என்று தெருவின் மறுபக்கத்துக்கும் கேட்கச் சொல்வார். அவர்களும் மண்வாரியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டி என்னிடம் கேட்பார்: இதுக்கு என்ன பேர், அதை எப்படிச் சொல்லுறது. படலை, மண்வாரி, வழுக்கும், கவனம். திரும்பிப் போகும்போது தனியே அவற்றைச் சொல்லிக்கொண்டு போவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கார்த்திகையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அறிவிக்க வேண்டும். படுத்திருந்தபடியே "என் பிள்ளைக்குச் சுகமில்லை" என்பதை ஜேர்மனில் சொல்லிக் கொடுத்தேன். அம்மா அதைப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தனியே போய் ரீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "விளங்கீற்றுது பிள்ளை, அவவுக்கு ஒரு தரத்திலயே விளங்கீற்றுது!" என்றார். அப்பா சாப்பிட இருந்தபோது அதே கதையை இன்னும் இரண்டு தரம் சொன்னார்.

அடுத்த கிழமை பள்ளிக்கூட வாசலில் அம்மா பையைக் கழற்றி என் முதுகில் கொழுவி, மூக்கைத் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரு குரூஸ் கொட் சொல்லிவிட்டுத் திரும்பினார். என் வகுப்பில் எல்லோரும் சிநேகமாக இருக்க விரும்பிய ஒரு பெண் இருந்தாள். குளிர்கால விடுமுறைக்கு மலைக்குப் போய்ப் பனியில் சறுக்குகிறவள். அவள் என்னிடம், "உன் அம்மாவும் எங்கள் வகுப்பில் சேரப்போகிறாரா?" என்று கேட்டாள். பெட்டைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் முகம் சுடுகிறது. கோபித்திருக்கலாம், அழுதிருக்கலாம். நான் அவர்களை விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அந்தக் கிழமையேதான் கடிதம் வந்தது. தபாலில் அல்ல, என் கையில்.

யேசு பிறந்தநாளான நத்தார் விடுமுறைக்கு முந்திய கடைசிப் பள்ளி நாளில் முற்றத்தில், பனிக்குள்ளேயே, ஒரு சிறு கொண்டாட்டம் வைக்கிறார்கள். பெற்றோரும் வர வேண்டும், ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரலாம். அடியில் வெட்டிக் கொடுக்கும் துண்டில் வருகிறோம், வர முடியாது என்று இரண்டு கட்டங்கள். இவை அச்சில். அதற்குக் கீழே ரீச்சர் தன் நீலப் பேனையால் எங்களுக்கென்று இரண்டு வரி எழுதியிருந்தார். போன கோடையில் அம்மா உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்து அனுப்பிய றோல்ஸை எல்லோரும் கேட்கிறார்கள், முடிந்தால் அதைக் கொண்டுவரச் சொல், அம்மாவோடு கொஞ்சம் பேசவும் எனக்கு ஆசை.

வழி முழுக்க நான் அதை மனதுக்குள் பார்த்தேன். முற்றத்தில் மற்றத் தாய்மார். நடுவில் பச்சை ஜக்கெற்றோடு, கையில் எண்ணெய் கசியும் ஐஸ்கிறீம் பெட்டியோடு அம்மா. வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே முடிவு எடுத்துவிட்டேன்.

"என்னவாம் பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"சினோ கொட்டுற காலத்தில தாய் தேப்பன் ஒருத்தரும் பிள்ளையளோட பள்ளிக்கூடப் பாதையில வரக்கூடாதாம். பிள்ளையள் தனிய நடந்து பழக வேணுமாம்."

"அந்தச் சந்தி மட்டுமெண்டாலும் ஏலாதோ?"

"சந்தி மட்டும்கூட ஏலாது."

அம்மா கடிதத்தை வாங்கி நீல எழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இது பேனையால எழுதினது. இது என்ன?"

"ரீச்சர் எழுதினவ. கட்டாயமாம்."

அம்மா கடிதத்தை மேசையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வந்தா என்ன செய்வினமாம்? விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?"

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். இல்லை அம்மா, அதெல்லாம் இல்லை என்று சொல்லியிருந்தாலும் அவர் வராமல்தான் இருந்திருப்பார். எனக்கு வேண்டியது கிடைத்திருக்கும். ஆனால் பிறகு மனம் மாறி ஒருநாள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். எட்டரை வயது மூளை, எவ்வளவு கவனமாக வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

"ஓம். பிரச்சினை வரலாமாம்" என்றேன்.

அம்மா பேனை எடுத்துவந்தார். வெட்டிக் கொடுக்கும் துண்டில் நான் காட்டிய இடத்தில், தமிழில், ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்து வைத்தார். பிழைத்துவிடக்கூடாது என்று மேசைத் துணியை விலக்கிவிட்டு வைத்தார். வர முடியாது என்ற கட்டத்தில் நான் அடுத்த நாள் வகுப்பில் இருந்துதான் கோடு போட்டேன்.

தனியே நடந்த முதல் நாள் நல்லாயிருந்தது. இரண்டாம் நாளும் நல்லாயிருந்தது, அந்தப் பெண் தன் கூட்டத்தோடு என்னையும் சேர்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் என்னை மறித்து, "உன் அம்மா எங்கே? சுகமாக இருக்கிறாரா?" என்று கேட்டார். வேலைக்குப் போகிறார் என்று சொன்னேன். ஒரு பொய் சொன்னவளுக்கு மற்றது வருத்தமில்லாமல் வந்தது.

கொண்டாட்டம் நடந்தது. மேசை நிறையக் கேக், பிஸ்கற், சூடான அப்பிள் சாறு. ரீச்சர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் தட்டில் இன்னொரு கேக் துண்டை வைத்தார். அந்தப் பெண்ணின் தாய் வந்திருந்தார். அவரும் ஒரு பழைய ஜக்கெற்தான் போட்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இண்டைக்கு என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்டார். கணக்கு என்றேன்.

விடுமுறை தொடங்கியது. மற்றவர்கள் மலைக்குப் போனார்கள், எங்களுக்கு வீடுதான். அம்மா கிழமைக்கணக்காக வெளியே போகாமல் இருக்கிறார் என்பதை நான் அப்போதுதான் கண்டேன். சாமான் எல்லாம் அப்பா வேலையால் வரும்போது வாங்கிவந்தார். காலமை எட்டு மணிக்கு முன்னர், நாங்கள் நடக்கும் நேரத்தில், அம்மா யன்னலடியில் நின்று தெருவைப் பார்ப்பார். ஒருநாள் அப்படி நின்றபடியே என்னைக் கேட்டார்.

"பிள்ளை, லீவிலயும் அந்தப் பாதையால போகக் கூடாதோ? அதில எழுதிக் கிடந்ததோ?"

கடைக்குப் போவதும் அதே பாதையால்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும் விலக்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"லீவுக்குப் போகலாம்" என்றேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு.

அம்மா உடனே சப்பாத்தைப் போட்டார். மாவும் உருளைக்கிழங்கும் வாங்கப் புறப்பட்டோம். பனி கொட்டி ஓய்ந்து, வெயில் எறித்தது. கிழவர் தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார். அம்மா போட்ட குரூஸ் கொட் அன்றைக்கு இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

கடை வாசலில் ரீச்சர் வந்துகொண்டிருந்தார். எனக்கு ஒதுங்க இடமில்லை. அவர் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். கொண்டாட்டத்துக்கு உங்களைத் தேடினேன். கடிதத்தில் நானே எழுதியிருந்தேன். எல்லாத் தாய்மாரும் வந்தார்கள். உங்கள் றோல்ஸ் இல்லாமல் போய்விட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்குச் சொல்லு" என்றார்.

"நான் நல்லாப் படிக்கிறனாம்" என்று தமிழில் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் பார்ப்பதுபோல் பார்த்தார். றோல்ஸ் எந்த மொழியிலும் றோல்ஸ்தான். கடிதம், தாய்மார், எல்லோரும், வந்தார்கள் என்ற சொற்களை அவருக்கு அந்தப் பாதையில் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

அம்மா ரீச்சரிடம் திரும்பினார். ஜேர்மனில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு எடுத்து எடுத்து, "மன்னியுங்கோ. எனக்குச் சுகமில்லை" என்றார்.

ரீச்சர் ஐயோ என்று தோளைத் தடவினார். இப்போது சுகமா என்று கேட்டார். அம்மா ஓம் என்று தலையாட்டினார். ரீச்சர் என் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனார். என் பொய்யை அம்மா தன் தலையில் போட்டுக்கொண்டார். அதற்கு அவருக்கு உதவியது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் சொல்லிக் கொடுத்த அந்த ஒரு வசனம்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எதையும் காட்டிப் பெயர் கேட்கவில்லை. மாவும் கிழங்கும் வாங்கிய பைகளில் ஒன்றையாவது நான் தூக்குகிறேன் என்றேன். தரவில்லை. அடிப்பார், அப்பாவிடம் சொல்வார் என்று விடுமுறை முடியும்வரை காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மின்சாரக் கொம்பனியின் கடிதம் வந்தது, வழக்கம்போலப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தார், வாசிக்கச் சொன்னார். நான் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அம்மா என் வாயைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த நாள் எழும்பியபோது வீடெல்லாம் பொரித்த வாசம். ஐஸ்கிறீம் பெட்டியில் பேப்பர் விரித்து றோல்ஸ் அடுக்கியிருந்தது, இன்னும் சூடு. "ரீச்சரிட்டக் குடு" என்றார். என் சால்வையைக் கட்டிவிட்டார். குதிரைப் பையைத் தூக்கி என் முதுகில் கொழுவிப் பட்டியை இறுக்கினார். வெளியே நன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் கூட்டமும் சந்தியில் நிற்பது தெரிந்தது.

"நீங்களும் வாங்கோவன் அம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "பள்ளிக்கூட வாசல் மட்டும் வாங்கோ. நீங்களே குடுங்கோ."

அம்மா குனிந்து என் சப்பாத்து நாடாவைச் சரிபார்த்தார். நிமிர்ந்து, கோபமே இல்லாமல் சொன்னார்.

"ஏலாது பிள்ளை. கடிதம் வந்ததெல்லே."