மண்மேட்டில் ஒரு காணும் பொங்கல்

நிலக்கரி எடுத்து முடித்த இடத்துக்கு என்னை வேலை மாற்றியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அப்பா சுரங்கத்தில் பெரிய வெட்டு இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர். இளவயதில் தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகும் ஊர் திரும்பாமல் மந்தாரக்குப்பத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். அவரைப் பொறுத்தவரை வேலை என்றால் தோண்டுவது. தோண்டி முடித்த பிறகும் அங்கே பார்க்க வேலை இருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது விளங்கவில்லை.

போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணையெல்லாம் முதலில் வெட்டிக் குவித்துவிடுகிறார்கள். கரி எடுத்த பிறகு அந்த மண்ணைக் கொண்டே பள்ளத்தை மூடுகிறார்கள். ஆனால் ஆழத்தில் கிடந்த மண் மேலே வந்துவிடுகிறது. சாம்பல் நிறத்தில், வெயில் பட்டால் ஓடு மாதிரி இறுகி, மழை பட்டால் கரைந்து ஓடும் மண் அது. அதில் மரம் வளர்க்க வேண்டும், சரிவுகளைக் காக்க வேண்டும், மழைநீர்க் கால்வாய்களைத் தூர்வார வேண்டும். ஒரு மூலையில் மூடாமல் விட்ட பள்ளம் ஏரியாகியிருந்தது. அந்தத் தண்ணீரையும் மண்ணையும் எடுத்துப் பரிசோதிப்பது என் வேலை.

எங்கள் பிரிவின் அதிகாரி அதிகம் பேசாதவர். முதல் நாள் மேட்டின் மீது நின்றுகொண்டு சொன்னார்: "மைன்ஸுக்கு ஒரு வயசு உண்டும்மா. இந்த வேலைக்குக் கிடையாது. நாம ரிட்டயர் ஆனாலும் யாராவது ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அங்கே ஒப்பந்தத் தொழிலாளிகளாக இருந்த பெண்களுக்கு ஓர் அக்கா தலைவி. ஐம்பதைத் தாண்டியவர். ஆண் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் நடப்பார். அந்த மேடு இருந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் அவருடைய ஊர் இருந்தது. சுரங்கத்துக்காக ஊர் எழுந்துபோனபோது அவர் பாவாடை கட்டிய சிறுமி. இப்போது அந்த ஊர்க்காரர்கள் கம்பெனி நகரியத்துக்கு வெளியே வேறு குடியிருப்பில் இருக்கிறார்கள்.

"சொந்த ஊர்லயே வேலை பாக்கறேன் மேடம். எல்லாருக்கும் கெடைக்குமா" என்று சிரித்தார். அதில் கசப்பு இருக்கிறதா என்று தேடினேன். இருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் நட்ட கன்றுகள் பாதிக்கு மேல் கருகிப்போய்விட்டனவாம். பிறகு ஏரி வண்டலும் சாணமும் தென்னை நார்க்கழிவும் குழியில் போட்டு நட்டிருக்கிறார்கள். வேம்பும் புங்கையும் பிடித்துக்கொண்டன. முந்திரி அதுவாகவே சிரித்துக்கொண்டு வளர்ந்தது. சரிவுகளில், மண்ணைப் பிடித்து நிறுத்த வெட்டிவேர். நான் சேர்ந்தபோது மேட்டின் ஒரு பக்கம் தோப்பாகவே இருந்தது. ஏரிக்கு நாரைகள் வந்தன. ஒருநாள் செத்தையை விலக்கி அக்கா எனக்கு மண்புழுவைக் காட்டினார். இருவரும் குந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பரிசோதனைக் குப்பிகள் எதிலும் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

அந்த வருடம் பழைய ஊர்க்காரர்கள் வந்து, காணும் பொங்கலை ஏரிக்கரையில் கொண்டாட அனுமதி கேட்டார்கள். அதிகாரி யோசித்தார். பிறகு, மரம் வளர்த்துப் பூட்டி வைத்தால் யாருக்கு லாபம் என்று சொல்லி, மேலே எழுதிக் கேட்டு, ஒப்புதலும் வாங்கிவிட்டார். ஊரே தயாரானது.

மார்கழியில் பெய்யக் கூடாத மழை பெய்தது. மழை விட்ட காலையில் நானும் அக்காவும் ஏரிக்கு மேலிருக்கும் சரிவைச் சுற்றி வந்தோம். ஓரிடத்தில் தண்ணீர் கால்வாயை உடைத்துக்கொண்டு இறங்கி, ஆள் நிற்கிற ஆழத்துக்கு மண்ணை அறுத்திருந்தது. அதற்கு மேலே, புல்லுக்கு நடுவில், நீளமாக ஒரு வெடிப்பு. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கீழே, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு எல்லாரும் உட்காரப்போகிற இடம் அது.

அதிகாரி வந்து பார்த்தார். கரைக்கு யாரையும் விட முடியாது என்பதில் மூவருக்கும் சந்தேகமில்லை. அதை ஊர்க்காரர்களிடம் சொல்வதுதான் பாடு. "நான் போறேன்" என்றார் அக்கா. நானும் கூடப் போனேன்.

குடியிருப்பின் நடுவே வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. அக்காவின் கொழுந்தனுக்குத்தான் கோபம் அதிகம்.

"நெலந்தான் போச்சு. இப்ப கரையில கால் வெக்கக்கூடாதா அண்ணி?"

"வெக்கலாம். இந்த வருசம் வேணான்னுதான் சொல்றேன்."

"நீ கம்பெனி ஆளாயிட்ட."

அக்கா துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "மேல வெடிப்பு வுட்டுகினு இருக்குது. பசங்க கீழ ஓடியாடிகினு இருக்கும்போது சரிஞ்சா, நான் யாரு வூட்டுக்குப் போயி நிப்பேன்? மேட்டு மேல எடம் இருக்குது, நெழல் இருக்குது. அங்க வெச்சிக்குவோம்."

"அந்த வெடிப்ப யாரு அடைக்கறது?"

"நாங்க அடைச்சிகினுதான் இருக்கோம். நீங்களும் வந்தா சீக்கிரம் ஆவும்."

கொழுந்தன் எழுந்துபோனார். கூட்டமும் கலைந்தது. திரும்பி வரும்போது அக்கா துண்டைத் தலையில் கட்டாமலே எனக்குப் பின்னால் நடந்து வந்தார். சொந்த சனத்தின் முன்னால் அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஷிப்ட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொழுந்தன் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஊர் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக. அக்காவிடம் அவர் எதுவும் பேசவில்லை. "எங்க ஆரம்பிக்கணும்?" என்று என்னிடம் கேட்டார். அதிகாரி டிராக்டரில் மணல்மூட்டைகளை வரவழைத்தார். வெடிப்பில் களிமண்ணை இட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தோம். அறுந்த பள்ளத்தில் மூட்டைகளைப் படிப்படியாக அடுக்கினோம். கால்வாயை வேறு பக்கம் திருப்பினோம். போகி வரைக்கும் வேலை நடந்தது. வெட்டிவேர் நாற்றை நடும்போது கொழுந்தன், "அண்ணி, இந்தாண்ட நெருக்கி வெக்கட்டுமா?" என்று கேட்டார். அவர்கள் மறுபடி பேசிக்கொண்டதைப் பார்த்து அதிகாரி எல்லாருக்கும் டீ சொன்னார்.

காணும் பொங்கலன்று மேட்டுத் தோப்பு நிறைந்துவிட்டது. தங்கள் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று பெரியவர்கள் சண்டை பிடித்தார்கள். மண்ணே இடம் மாறிவிட்ட பிறகு யார் சொல்வது சரி என்று யாராலும் தீர்க்க முடியவில்லை. பிள்ளைகள் கயிறு கட்டி ஊஞ்சலாடின.

அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவர் தயங்கித் தயங்கி வந்தார். ஏரியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அக்கா வந்து, அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"அப்ப எங்க வூட்டு நெலத்தையும் நீங்கதான் வெட்டியிருப்பீங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "இருக்கலாம்மா."

"மூடுன மண்ணுல நாங்க மரம் வெச்சிட்டோம். ஒக்காருங்க, சாப்டுங்க" என்று சொல்லி, வாழையிலையில் சோறு போட்டு, கருவாட்டுக்குழம்பை ஊற்றினார். அப்பா கூச்சப்படாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். 

அந்தச் சரிவு சரியவில்லை. எங்கள் வேலையால் நின்றதா, தானாகவே நின்றிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது, அவ்வளவுதான். எதுவும் நடக்காமல் இருப்பதற்காக இத்தனை பேர் இத்தனை காலம் உழைக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அடுத்த பொங்கலுக்கு கரையை மறித்துப் போட்டிருந்த வேலியை நகர்த்தித் திறந்துவிட்டோம். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, மழைக்குப் பிறகு சரிவைச் சுற்றிப் பார்க்கிறார்கள். சென்ற ஐப்பசியில் நான் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது கொழுந்தன் போன் செய்தார்.

"மேடம், வடக்குக் கால்வாயில தழ அடைச்சிகினு இருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டோம். சும்மா ஒரு வார்த்தை சொல்லலாம்னு."